எதிரே நிற்பவரின் இடப்பக்கம்

அசையக் கூடாது என்று சொல்லி முடித்த அக்கணமே மூக்கின் நுனி அரிக்கத் தொடங்கிவிட்டது. அரிப்பை உணர்வது மூக்கு அன்று, பெருமூளையின் புறணி என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் பத்தாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். சொல்லிக்கொடுத்ததனால் அரிப்புக் குறைவதில்லை. முகத்துக்கு மேலே நான்கு விரற்கடைத் தொலைவில் மூளைப் படம் எடுக்கும் குழாயின் வெண்ணிறக் கூரை. அதற்குக் கீழே, தலையைச் சுற்றி மாட்டிப் பூட்டப்பட்ட பிளாஸ்டிக் கூண்டு. கூண்டின் கம்பிகளுக்கிடையே உள்ளங்கையளவு கண்ணாடி ஒன்றைச் சாய்வாகப் பொருத்தியிருக்கிறார்கள். அதில் என் பாதங்கள் இரண்டும், அவற்றுக்கு அப்பால் அறையின் கதவும் தெரிகின்றன. நோயாளி அஞ்சாதிருப்பதற்காகவாம். அந்தக் கதவின் வெளிப்புறத்தில் ‘அனுமதியின்றி நுழையகூடாது’ என்று எழுதியிருந்ததை வரும்போதே கண்டேன். பலகையில் ‘க்’ என்னும் ஓர் ஒற்றெழுத்தை விட்டுவிடுகிறவர்கள் தலைக்குள் எதை விட்டுவிடுவார்களோ என்று நினைத்துக்கொண்டேதான் படுத்தேன். தாலிச் சங்கிலி, கம்மல், மூக்குத்தி, வளையல் எல்லாம் வெளியே என் கணவரின் கைக்குட்டையில் முடிச்சாக இருக்கின்றன. மெட்டி மட்டும் கழல மறுத்தது. அவர் குனிந்து, கை கழுவும் சோப்பைக் குழைத்து என் கால்விரலில் தேய்த்துக்கொண்டே, “மாட்டி விடும்போது இவ்வளவு பாடு இல்லையே, டீச்சரம்மா” என்றார். வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. படமெடுக்கும் ஸ்டெல்லா, நாற்பது வயதிருக்கும், மருத்துவரின் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, ரப்பர்ப் பந்து ஒன்றை என் வலக்கையில் வைத்து விரல்களை மூடினாள். “இடது கைதான் தளர்ந்துச்சுன்னு போட்டிருக்கு. அதனால இத நல்ல கையில பிடிச்சுக்கிடுங்க. முடியலன்னா அமுக்குங்க. ஆனா சும்மா சும்மா அமுக்கிராதீங்கம்மா, மொதல்லேருந்து எடுக்க வேண்டி வந்துரும்.” முப்பது நிமிடம். மேசை என்னை ஏந்திக்கொண்டு உள்ளே நழுவியது. ரொட்டியை அடுப்பினுள் தள்ளுவது போல.

இதோ, தட்டத் தொடங்கிவிட்டது. காதில் பஞ்சு வைத்தும், அதன்மேல் காதடைப்பான் மாட்டியும், யாரோ தகரக் கதவைக் கட்டையால் இடிக்கும் ஓசை மண்டையோட்டினுள்ளேயே எழுகிறது. மண்டையோடு, அதன் கீழ் மூன்று உறைகள், உறைகளுக்கிடையே நீர், நீரில் மிதக்கும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஒரு பொருள். தன்னை வெட்டினாலும் தனக்கு வலிக்காத பொருள். உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே இருந்துகொண்டு, உயிர்க்காற்றில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்னும் பொருள். எங்கள் பள்ளியின் ஆய்வகத்தில் சாந்தினால் செய்த மூளை ஒன்று இருந்தது. கொக்கியை நீக்கினால் இரண்டு பாதியாகப் பிரியும். அதன் சிறுமூளையை யாரோ எடுத்து ஆய்வகக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்ததைக் கண்டுபிடித்த நாளில் நான் ஒரு வகுப்பு முழுவதையும் வெயிலில் நிறுத்தினேன். பெருமூளை நினைக்கும், சிறுமூளை நிலைநிறுத்தும், முகுளம் மூச்சு விடும் என்று மூன்று வாக்கியங்கள். எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி. மூச்சு விடுவது முகுளம்தான் என்றால், இப்போது ஒவ்வொரு மூச்சையும் நானே இழுத்துத் தர வேண்டியிருக்கிறதே, அது ஏன்? கூரை தாழ்ந்திருக்கிறதா? இல்லை. கூரை தாழாது. அது இரும்பாலும் இழையாலும் ஆனது. தாழ்வதாக நினைப்பதும் அதே ஒன்றரைக் கிலோதான். எண்ணத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை என்று எண்ணாதே. வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை என் கழுத்தைத் திறக்கப்போகிறார்கள். மூளைக்குக் குருதி ஏற்றும் இரண்டு கழுத்துத் தமனிகளும் அடைபட்டிருக்கின்றனவாம், ஏறத்தாழ ஒரே அளவில். நரம்பியல் மருத்துவர் நெல்லையப்பன் கழுத்துப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி சொன்னார்: “ரெண்டையும் ஒண்ணா தொட முடியாதும்மா. எந்தப் பக்கம் தொந்தரவு பண்ணுச்சோ, அத மொதல்ல திறக்கணும். மத்தத மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம். தொந்தரவு பண்ணின பக்கத்த விட்டுட்டோம்னா, அடுத்த தடவ வர்றது வந்துட்டுப் போற மாதிரி வராது.” மூளைப் படத்தில் தெரிந்துவிடாதா என்று என் கணவர் கேட்டார். “தெரியலாம், தெரியாமலும் போகலாம் சார். பத்து நிமிஷத்துல சரியாப் போனது பல நேரம் தடயம் விடாது. அப்ப அம்மா சொல்றதுதான் ஆதாரம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “எந்தக் கை?” நான் ஒரு கையை உயர்த்தி, “இடது கை” என்றேன். அவர் தலை கவிழ்ந்திருந்தது, எழுதிக்கொண்டிருந்தார். இடக்கை தளர்ந்தால் குறை வலப்பக்க மூளையில்; எனவே வலப்பக்கக் கழுத்து. இதை அவர் எனக்கு விளக்க முற்பட்டபோது, “நரம்புகள் முகுளத்தில் குறுக்கே மாறிச் செல்கின்றன, தெரியும்” என்று நான் முடித்துவைத்தேன். அவருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. “டீச்சர்ன்னா இப்படிச் சுருக்கமா, தெளிவாச் சொல்லணும். சில பேர் அரை மணி நேரம் கதை சொல்வாங்க.” அந்தப் பாராட்டை நான் வீடு வரை வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பே அவர் இன்னொரு வினா கேட்டிருந்தார். அதற்கும் நான் சுருக்கமாகவே விடை சொல்லியிருந்தேன். அது இப்போது வேண்டாம்.

ஓசை மாறிவிட்டது. இடிப்பு நின்று, அறுப்பது போன்ற ஒரு நெடிய ரீங்காரம். கண்ணாடியில் என் பாதங்கள் அப்படியே இருக்கின்றன. என்னுடையவை போலவே இல்லை. எனக்கு எதிரே என்னை நோக்கியபடி வேறு யாரோ படுத்திருக்கிறார், அவருடைய பாதங்கள். மெட்டி கழன்ற விரலில் வெளுத்த வளையம். கால் இருக்கிறதா? தலையைத்தானே அசைக்கக் கூடாது, கால்விரலை ஒரு நெல்லளவு அசைத்தால் குற்றமில்லை. வலக்கால் பெருவிரல், அசை. கண்ணாடியில் ஒரு விரல் அசைந்தது. இடது, என்றது என் மனம். தயங்காமல், வகுப்பில் விடை சொல்வது போல. மறுபடியும்: வலக்கால் பெருவிரல், அசை. அசைந்தது; அதே விரல்; அதே வேகத்தில் மனம் இடது என்றது. நான் ஏவியது வலக்காலை. இது என்ன? இது என்ன என்று எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் உலகத்தை எதிரே நின்றே பார்த்திருக்கிறேன். அறுபது பெண்கள் என்னை நோக்கி அமர்ந்திருப்பார்கள். இடக்கையைத் தூக்குங்கள் என்று சொல்லும்போது நான் என் வலக்கையைத் தூக்குவேன், அவர்களுக்கு நேராக இருக்கட்டும் என்று. அவர்களுடைய இடமே என் நாவில் இடம். என் வலப்புறம் இருப்பது எதிரே நிற்பவரின் இடப்பக்கம். பணி ஓய்வு பெற்றபின்பும் அது போகவில்லை. ஆட்டோக்காரரிடம் இடது பக்கம் திரும்பச் சொல்லி வலக்கையை நீட்டியதற்கு, அவர் வண்டியை நடுச்சாலையில் நிறுத்தி, “எந்தப் பக்கம்ன்னு முடிவு பண்ணிட்டு ஏறுங்க டீச்சர்” என்றிருக்கிறார். என் வகுப்பில் இசக்கியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். மூளைப் படத்தில் வலத்தை இடம் என்று குறித்ததற்காக அவளைப் பத்து முறை வரைந்து வரச் சொன்னேன். ஒன்பதாவது படத்தோடு வந்து நின்று, “டீச்சர், படம் என்னயப் பாக்குதா, இல்ல நான் பாக்குற பக்கமே அதுவும் பாக்குதா? அது தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்” என்றாள். அதிகப்பிரசங்கம் என்று பத்தாவதையும் வரையவைத்தேன். அவள் கேட்டது சரியான வினா. இப்போது, இந்தக் குழாய்க்குள், அதே வினாவை நான் என்னிடமே கேட்கிறேன்.

கை தளர்ந்த அந்தச் செவ்வாய்க்கிழமையைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒழுங்காக, முதலிலிருந்து. காலை பத்து மணி. தலைக்குக் குளித்துவிட்டு நிலைக்கண்ணாடியின் முன் நின்று கொண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கைகளும் தலைக்குப் பின்னால் இருந்தன. கொண்டை ஊசி விழுந்த ஓசை கேட்டது. பிறகு, கண்ணாடியில் நின்றவளின் ஒரு கை, துணிக்கொடியிலிருந்து சரியும் துண்டு போலத் தானாக இறங்கித் தொங்கியது. வலி இல்லை. என் கை விழுந்தது என்றுகூட நான் நினைக்கவில்லை. எதிரே நிற்பவளின் கை விழுந்ததை நான் பார்த்தேன். எதிரே நிற்பவளின் இடக்கை. அப்படியென்றால் அது என் வலப்புறத்தில் தெரிந்த கை. அப்படியென்றால்… பொறு. அவசரப்படாதே. ஒருவேளை, கையைப் பார்க்காமல் கையை உணர்ந்தே இடம் என்று அறிந்தேனோ? உணர்ந்திருந்தால்தானே. உணர்வற்றுப் போனதுதானே நோய். ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது? ஜன்னல் பக்கத்துக் கை. ஜன்னல் கண்ணாடியிலும் தெரிந்ததே. அதுவும் எதிர்ப்பக்கத்து ஜன்னலா, இப்பக்கத்து ஜன்னலா? நினைவைத் தொடத் தொட அது புரண்டு படுக்கிறது. பொழுது விடியும்வரை அல்ல, ஆண்டு முழுவதும் இதையே சுற்றிவந்தாலும் அந்தக் கை ஒருமுறை இப்பக்கமும் ஒருமுறை அப்பக்கமும் விழுந்துகொண்டேதான் இருக்கும். இன்று இரண்டு கைகளும் ஒன்றுபோல நலமாக இருக்கின்றன. சாட்சி சொல்லக் கை முன்வராது. வேறு சாட்சி வேண்டும். கண்ணாடியில் தெரியாத சாட்சி.

இருக்கிறது. இருக்கிறது என்பது எனக்கு முதலிலேயே தெரியும்; தெரிந்துதான் இத்தனை நேரமும் அதன் வாசலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். மருத்துவர் கேட்ட இன்னொரு வினா: “பேச்சுல ஏதாவது தடுமாற்றம் வந்துச்சா?” நான் சொன்ன விடை: “இல்லை.” கை விழுந்தவுடன் நான் என்னைச் சோதித்தேன். மயங்கவில்லை, நினைவு இருக்கிறது என்று எனக்கு நானே மெய்ப்பித்துக்கொள்வதற்காக, கண்ணாடியை நோக்கி, பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று உரக்கச் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தவை: பெருங்குடை. சிறுதட்டு. முக்காலி. மறுபடியும் சொன்னேன். குடை, குடை, தட்டு. சொல்ல நினைத்த சொல் தலைக்குள் பளிச்சென்று, எழுத்துப் பிழையின்றி, கரும்பலகையில் எழுதியது போல இருந்தது. நாவு வேறு எதையோ எடுத்துக்கொண்டு வந்தது, கடைக்கு அனுப்பினால் தவறான பொருளை வாங்கிக்கொண்டு வந்து நிற்பது போல. மாடிப்படியிலிருந்து என் கணவர், “என்ன சொல்லுத? குடையா? மழையெல்லாம் இல்ல” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். பத்து நிமிடம், முழுப் பத்து நிமிடம், கட்டிலின் விளிம்பில் அமர்ந்து உதடுகளைப் பல்லால் கவ்விக்கொண்டிருந்தேன். சொற்கள் திரும்பி வந்த பின்பு அவரிடம் கையைப் பற்றி மட்டும் சொன்னேன். கை தளர்வது நோய். நாவு பிறழ்வது வேறு. லகர ளகரம் மாறியதற்காகப் பிள்ளைகளைப் பெஞ்சின்மேல் ஏற்றிய நாவு இது. டீச்சருக்குப் பேச்சுக் குழறிப்போச்சாமே என்று தெருவில் ஒருவர் சொல்லக் கேட்பதைவிடக் கழுத்தைத் திறந்துகொள்வது எளிது என்று இருந்தது. ஆனால் வலக்கையால் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர்க்குப் பேச்சின் இருப்பிடம் பெருமூளையின் இடப்பாதி. வலக்கையை ஆள்வதும் அதே இடப்பாதி. கையும் சொல்லும் ஒரே நேரத்தில், ஒரே கிளையில் அடைபட்டு விழுந்தன. விழுந்தது வலக்கை. திறக்க வேண்டியது இடப்பக்கக் கழுத்து. பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண் வினா. நான் ‘இல்லை’ என்று சொன்ன அந்த ஒரு சொல்லினால் அவர்கள் வெள்ளிக்கிழமை தவறான பக்கத்தைத் திறக்கப்போகிறார்கள்.

சரி. வெளியே போனவுடன் சொல்லிவிடலாம். இன்னும் பத்து அல்லது பதினைந்து நிமிடம். பொறுத்துக்கொள்ளலாம். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது; எண்ணம் அன்று, மார்பின்மேல் யாரோ உட்கார்ந்தது போல. இதை அறிந்தவர் உலகில் ஒருவரே. அவர் இந்தக் குழாய்க்குள் இருக்கிறார். இதைச் சொல்லுவதற்கு அவரிடம் இருப்பது ஒரே வாய். அடுத்த அடைப்பு வந்தால் முதலில் மூடப்படுவது அந்த வாய்தான். பதினைந்து நிமிடம் என்பது எத்தனை நாடித்துடிப்பு? இந்தக் கணமே வரலாம். வந்துவிட்டதோ? பெருமூளை, சிறுமூளை, முகுளம். மனத்துக்குள் சரியாகத்தான் ஒலிக்கிறது. அன்றும் மனத்துக்குள் சரியாகத்தான் ஒலித்தது. வாய்விட்டுச் சொன்னால் தாடை அசையும், படம் கெடும், மேலும் இந்த ஓசையில் என் சொல் என் காதிலேயே விழாது. குடை என்கிறேனா, மூளை என்கிறேனா என்று எனக்கே தெரியாது. கூரை தாழ்கிறது. தாழட்டும். அமுக்கு. நல்ல கை என்று நம்பி அவள் பந்தை வைத்தது எந்தக் கையில்? விழுந்த கையில். அமுக்கினேன். ரீங்காரம் நிற்கவில்லை. விரல்கள் மூடினவா? மூடினதாகத்தான் தோன்றுகிறது; மூடும்படி ஏவியது எனக்குத் தெரியும், மூடியது எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் அமுக்கினேன். யாரும் வரவில்லை. கண்ணாடியில் கதவு மூடியே இருக்கிறது. யாருடையவோ பாதங்கள் அமைதியாகப் படுத்திருக்கின்றன. இனி ஒழுங்கு எதற்கு? இடக்கையை வயிற்றின்மேல் இழுத்து, குழாயின் சுவரில் முழங்கை உரச, வலக்கையைத் தேடிப்பிடித்து, பந்தையும் அதைப் பிடித்திருந்த விரல்களையும் சேர்த்து நெருக்கினேன். நெருக்கிக்கொண்டே இருந்தேன்.

ஓசை நின்றது. நின்ற அமைதியில் என் மூச்சு ஓர் அந்நியப் பொருளின் இரைச்சல்போலக் கேட்டது. காதடைப்பானுக்குள் ஸ்டெல்லாவின் குரல்.

“என்னம்மா செய்யுது? மொதத் தடவ அமுக்கும்போதே மணி அடிச்சிருச்சு. அந்த ஒரு படம் முடிய அர நிமிஷந்தான் இருந்துச்சு, முடிச்சிருவோம்ன்னு பாத்தேன். அதுக்குள்ள நீங்க ஆடிட்டீங்க. எல்லாம் போச்சு.”

முதல் தடவையே அடித்துவிட்டது. கை இருக்கிறது. மேசை வெளியே நழுவியது. கூண்டைக் கழற்றினாள். கதவு திறந்து, வாசலுக்கு அப்பால் என் கணவர், கைக்குட்டை முடிச்சை இரண்டு கைகளாலும் மார்போடு பிடித்துக்கொண்டு, உள்ளே வரக் கூடாது என்று சொல்லப்பட்டதற்குப் பணிந்து நின்றார். நான் வாயைத் திறந்தேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது, குடை வரலாம்.

“பெருமூளை” என்றேன்.

“என்னது?” என்றாள் ஸ்டெல்லா.

“ஒண்ணுமில்ல. சரியாத்தான் வருது. நீங்க எனக்கு எதுக்க நிக்காதீங்க. இங்க, என் பக்கத்துல வந்து, நான் பாக்குற பக்கமே பாத்து நில்லுங்க.”

அவள் என் கணவரைப் பார்த்தாள். அவர், “சொன்னபடி நின்னுருங்கம்மா, இல்லன்னா பெஞ்சு மேல ஏத்திருவா” என்றார். அவர் குரல் சிரிப்பதற்கு முயன்று பாதியில் நின்றது. ஸ்டெல்லா என் தோளருகே வந்து, கதவை நோக்கி நின்றாள். நான் எழுந்து அமர்ந்து வலக்கையை உயர்த்தினேன்.

“விழுந்தது இந்தக் கை. சீட்டுல இடதுன்னு இருக்கறது தப்பு. நான்தான் தப்பாச் சொன்னேன். அடுத்து, பேச்சு தடுமாறுச்சான்னு டாக்டர் கேட்டாரு, இல்லன்னேன். அது பொய். பத்து நிமிஷம் எனக்குப் பேச்சு வரல. ஒண்ணு சொல்ல நினைச்சா வேற வந்துச்சு. இத இப்பவே டாக்டருக்குச் சொல்லுங்க. நான் மறுபடியும் உள்ள போறதுக்கு முன்னால.”

ஸ்டெல்லா பேனாவை எடுத்தாள். சீட்டின்மேல் இருந்த ‘இடது’ என்பதை இரண்டு கோடுகளால் அடித்து, மேலே எழுதி, என் கண்ணெதிரே பிடித்துக் காட்டிவிட்டுத் தொலைபேசியை நோக்கி நடந்தாள். அடுத்த அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் அவள் உதடுகள் அசைவதும், கேட்பதும், தலையாட்டுவதும், தன் கழுத்தின் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டுவதும் தெரிந்தன. எனக்கு எதிரே நிற்பவள்; அவள் தொட்டது என் வலப்புறம்; எனவே அவளுடைய இடப்பக்கம். சரி.

வாசலில் நின்றவர் நகரவில்லை. “குடைன்னு சொன்னியே,” என்றார். “அதுவா?”

“அதுதான்.”

“நான் கூப்பிடக் கூப்பிடப் பேசாம இருந்தியே. கோவம்னுல்லா நெனச்சேன். தேங்கா வாங்க மறந்துட்டேன்லா முந்துன நாளு. அதுக்குத்தான்னு நெனச்சு ஓடிப்போய் ரெண்டு தேங்கா வாங்கிட்டு வந்தேன்.”

அன்று அடுக்களையில் இருந்த இரண்டு தேங்காய்கள் நினைவுக்கு வந்தன. எதற்கு இரண்டு என்று நான் அவரைக் கடிந்துகொண்டதும்.

ஸ்டெல்லா திரும்பி வந்தாள். “டாக்டர்ட்ட சொல்லியாச்சும்மா. சாயங்காலம் உங்கள நேர்ல பாக்கணும்ங்காரு. வெள்ளிக்கிழமைக்கு இனி எல்லாம் புதுசா எழுதணுமாம். ஒரு வார்த்த முன்னாலயே சொல்லியிருந்தா என்னன்னாரு. இப்பவாவது சொன்னாங்களேன்னேன்.” பிறகு கூண்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். “மொதல்லேருந்து எடுக்கணும். முப்பது நிமிஷம். முடியுமா?”

முடியாது என்பதே உண்மை. “முடியும்” என்றேன், இன்றைக்கு ஒரு பொய்யைத் திருத்தியவளுக்கு இன்னொன்று சொல்ல உரிமை உண்டு. படுத்தேன். கூண்டு பூட்டப்பட்டது. சாய்ந்த கண்ணாடியில் பாதங்களும், திறந்த கதவும், கதவில் கைக்குட்டை முடிச்சோடு அவரும் தெரிந்தார்கள். அவள் ரப்பர்ப் பந்தை எடுத்து, ஒரு கணம் யோசித்து, மேசையைச் சுற்றி மறுபக்கம் வந்து, என் இடக்கையில் வைத்தாள். நான் விரல்களை மூடிக்கொண்டேன். மேசை நழுவத் தொடங்கியது. மூக்கின் நுனி அரித்தது.